நீங்க போங்கம்மா

மே 2, வெள்ளி

விடைத்தாள் திருத்தி முடித்தாயிற்று. கல்லூரி இனி ஜூன் பதினாறில்தான். காலையில் அக்கா மொட்டை மாடியில் கூழ்வத்தல் பிழிந்தாள். நான் வேட்டியின் நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்தேன். வத்தலில் என் பங்கு எப்போதும் செங்கல்தான்.

பதினொரு மணிக்கு ஒரு தொலைபேசி. பெயர் இளம்பரிதி, திரைப்பட இயக்குநர். இன்னும் படம் எடுக்காத இயக்குநர். என் முனைவர் பட்ட ஆய்வைப் பல்கலைக்கழக நூலகத்தில் படித்தாராம். சிறையில் இருந்த திருட்டுக் குற்றவாளிகள் நாற்பத்துமூன்று பேரைச் சந்தித்து அவர்கள் மனத்தைப் பற்றி எழுதியது. இருபத்தோரு வருடங்களில் அதை முழுதாகப் படித்த மூன்றாவது ஆள் அவர். முதல் இருவர் தேர்வாளர்கள், அவர்கள்கூடச் சந்தேகம்தான்.

"நாங்க ஒரு கொள்ளைப் படம் பண்றோமுங்க மேடம். எங்க திருடங்க நெசத்துல இப்படித் திருடுவாங்களான்னு நீங்கதானுங்க பார்த்துச் சொல்லோணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை. முகவரியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மே 5, திங்கள்

அக்காவிடம் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாலிகிராமம் போனேன். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. சினிமா என்றால் அவள் நூறு கேள்வி கேட்பாள். நூலகம் என்றால் ஒன்றும் கேட்பதில்லை.

இரண்டு அறை வீடு. நாற்காலியே இல்லை, கோரைப்பாய்தான். இதற்குப் பெயர் டிஸ்கஷன். இளம்பரிதிக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும், நாமக்கல்காரர். உதவி இயக்குநர்கள் இருவர்: நாகர்கோவில் மெர்லின், உசிலம்பட்டி சங்கிலி. எனக்காக மூவரும் எழுந்து நின்றார்கள். பிறகு எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் பாயில் உட்கார்ந்தேன்.

இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. தயாரிப்பாளர் எதையும் படிக்க மாட்டார். இயக்குநர் எதிரில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம், முழுப் படத்தையும் வாயாலேயே சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரர் ஒருவர் மே 28 காலை கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இளம்பரிதிக்கு இது ஏழாவது தயாரிப்பாளர், கடைசியும் இவர்தான்.

"இதுவும் போச்சுன்னா ஊருக்குப் போயிருவேனுங்க. மாமனாரு இரும்புக்கடை வச்சிருக்காரு. கல்லாவுக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு ஸ்டூலு போட்டே வச்சுட்டாருங்க" என்றார்.

கதை இது. அட்சய திருதியை அன்று, கூட்டம் நெரியும் ஒரு பெரிய நகைக்கடையில் கொள்ளை. திட்டம் போடுபவள் அங்கேயே இருபத்திரண்டு வருடம் காசாளராக இருக்கும் வசு.

"அவ எதுக்குத் திருடுறா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு ஆபரேஷனுங்க."

"நான் பேசின நாப்பத்துமூணு பேர்ல எத்தனை பேர் அம்மா ஆபரேஷனுக்காகத் திருடினாங்க தெரியுமா?"

"எத்தனை பேருங்க?"

"ஒருத்தர்கூட இல்லை. ரெண்டு பேர் அம்மாகிட்டயே திருடினாங்க."

சங்கிலி பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். இளம்பரிதி சிரிக்கவில்லை. இருபத்துமூன்று நாள்தான் இருக்கிறது.

மே 6

பார்ப்பதற்குப் பன்னிரண்டு கொள்ளைப் படங்கள் கொடுத்திருக்கிறார்கள். நானாகக் கேட்கவில்லை. (கேட்டேன்.)

மே 8, வியாழன்

ஏழு படங்கள் முடிந்தன. குறிப்புகள்:

எல்லாப் படத்திலும் ஒருவன் "இதுதான் கடைசி" என்கிறான். சிறையில் என்னிடமும் பலர் சொன்னார்கள், அடுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே.

எல்லாப் படத்திலும் பூட்டு மிகப் பெரியது. ஆனால் பூட்டினால் எந்தத் திட்டமும் கெடுவதில்லை. கெடுப்பது கூட்டாளியின் வாய்.

ஒவ்வொரு திருடனுக்கும் சொல்லும் காரணம் ஒன்று, சொல்லாத காரணம் ஒன்று. முதலாவது கதையை நகர்த்துகிறது. இரண்டாவது அவனை மாட்டிவிடுகிறது. நல்ல படம் என்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். மோசமான படத்தில் துப்பாக்கிகள் மட்டும் மோதிக்கொள்ளும்.

வேலாயுதம் என்று ஒருவர் நினைவுக்கு வந்தார். வீடு புகுந்து திருடியவர். வெளியே வரும்போது கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுத்தான் வருவாராம். ஏன் என்று கேட்டேன். "திறந்து கெடந்தா எவனாச்சும் திருடன் வந்துருவான்ம்மா" என்றார். ஆய்வேட்டில் இதைச் சேர்க்க என் நெறியாளர் விடவில்லை.

இன்று போகும்போது ஒரு டிபன் டப்பாவும் எடுத்துப் போனேன்.

மே 9

வத்தல் குறைகிறது என்று அக்கா சொன்னாள். காக்கை என்றேன்.

மே 13, செவ்வாய்

நான் போனபோது சங்கிலி எண்ணெயைக் காய வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தான். "மேடம், டப்பா வந்திருச்சா?" என்பதுதான் இப்போது வணக்கம்.

சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி மூன்று பத்திகள் போடச் சொன்னேன்: ஆள், சொல்லும் காரணம், சொல்லாத காரணம். ஐந்து திருடர்களில் நால்வருக்கு மதியத்துக்குள் நிரப்பிவிட்டோம். காவலாளிக்குச் சொல்லும் காரணம் மகள் படிப்பு. சொல்லாத காரணம், தன்னை "ஏய்" என்று கூப்பிடும் முதலாளியின் முகத்தை மறுநாள் காலையில் பார்க்க வேண்டும் என்பது. மெர்லின் எழுதியது. நன்றாக எழுதுகிறாள்.

வசுவுக்கு வந்தபோது எல்லோரும் வத்தலைப் பார்த்தார்கள்.

"காதல் தோல்வி?" என்றான் சங்கிலி.

"அம்பது வயசுப் பொம்பள நகைக்கடையைக் கொள்ளையடிக்கணும்னா காதல் தோல்வியா இருக்கணுமாடே? உனக்கு வேற ஒண்ணும் தோணாதா?" என்றாள் மெர்லின்.

"பொழுது போகலைன்னு திருடுறாளா அப்ப? ஏன் மேடம், நீங்க என்னத்துக்கு இங்க வர்றீக?"

விடுமுறையில் பொழுது போக வேண்டுமே என்றேன். மெர்லின் உடனே எழுந்து போய்த் தாளில் ஆறாவது வரிசை போட்டாள். ஆள்: சாரு மேடம். சொல்லும் காரணம்: விடுமுறை. சொல்லாத காரணம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. அதை அடிக்கச் சொன்னேன். அடிக்கவில்லை.

வீட்டில் அக்கா பால்காரரைச் சந்தேகிக்கிறாள். அவர் மாடிக்கு வருவதே இல்லை என்று எடுத்துச் சொன்னேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

மே 17, சனி

திருடன் முதலில் திருடுவதில்லை, முதலில் பார்க்கிறான். இதை இவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? ஆகவே இன்று எல்லோரையும் தியாகராய நகருக்கு அழைத்துப் போய், ஒரு பெரிய நகைக்கடைக்கு எதிரே இருந்த பழச்சாற்றுக் கடையில் உட்கார வைத்தேன். காவலாளிகள் மாறும் நேரம், ஊழியர்கள் சாப்பிடப் போகும் வரிசை, பின்வாசல் எல்லாம் குறித்தேன். மாலையில் ஓர் அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன். கல்லூரி நேர அட்டவணை பத்து வருடமாக நான்தான் போடுகிறேன். இது அதைவிட எளிது.

ஒரு தகவல். வாசலில் எல்லோருடைய பையையும் சோதிக்கிறார்கள். சங்கிலியின் பையை இரண்டு முறை சோதித்தார்கள். மெர்லினின் கைக்குட்டையைக்கூட உதறிப் பார்த்தார்கள். நான் பெரிய துணிப்பையோடு நான்கு முறை போய் வந்தேன். நான்கு முறையும் காவலாளி கையை ஆட்டி, "நீங்க போங்கம்மா" என்றார்.

தகவலாக மட்டும் இதைக் குறிக்கிறேன்.

மே 20

அக்கா மாடியில் கறுப்புக் குடை கட்டித் தொங்கவிட்டாள். காக்கைக்குப் பயம் வந்ததாகத் தெரிகிறது. வத்தல் மட்டும் குறைகிறது.

மே 24, சனி

அக்கா மேல்வீட்டு வனஜாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"அவ வீட்லதான்ட்டி வாரத்துக்கு ரெண்டு நாள் எண்ணெய் வாடை வருது. மாடிச் சாவி அவகிட்டயும் இருக்கு. வேற யாரு எடுப்பா? நீயா எடுக்கப் போற?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வனஜா நல்ல பெண். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன்.

வசுவுக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. நான்கு நாள்தான். இளம்பரிதி மறுபடியும் ஆபரேஷன் பக்கம் சாய்கிறார்.

மே 26, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை சங்கிலி என் அட்டவணையை ஐந்து பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறான். ஐந்து பிரதிகளையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அசலை இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அடுத்து ஆதார் அட்டை நகல் எடுக்க வந்தவர் மூடியைத் திறந்தால், நகைக்கடையின் பெயர், காவலாளிகள் மாறும் நேரம், பின்வாசல் படம், கீழே "கூட்ட நேரத்தில் உள்ளே நுழைதல் நலம்" என்று என் கையெழுத்தில். ஜெராக்ஸ் கடைக்காரர் அதைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார். இன்று காலை அசலைத் தேடிப் போன சங்கிலியை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

நான் பத்தரைக்கு டப்பாவோடு போனபோது வீட்டு வாசலில் ஜீப். ஒரு கான்ஸ்டபிள் சுவர்த் தாளை அப்படியே உரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூவரும் ஜீப்புக்குள் இருந்தார்கள்.

"நானும் இவங்களோடதான்" என்றேன்.

"நீங்க போங்கம்மா" என்றார் கான்ஸ்டபிள்.

ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். என்னைக் கைது செய்ய நானே கட்டணம் கொடுத்துப் போக வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பெயர் நெடுமாறன், நரைத்த மீசை. அந்த மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். டீயும் வந்தது.

"இதுல யாரோட அம்மாங்க நீங்க?"

"யாரோட அம்மாவும் இல்லை. அந்த அட்டவணையைப் போட்டது நான்."

அவர் சுருட்டிய தாளை விரித்து மேலிருந்து கீழே படித்தார். விரல் ஆறாவது வரிசையில் நின்றது. "சாரு மேடம்னு போட்டிருக்கே, அது நீங்களா?"

"ஆமா."

"விடுமுறைன்னு இருக்கு. பக்கத்துல கேள்விக்குறி." என்னைப் பார்த்தார். என் மூக்குக்கண்ணாடி, பருத்திப் புடவை, டிபன் டப்பா. தாளைக் கீழே வைத்தார். "மேடம், நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. இந்தப் பசங்க உங்களை நல்லா ஏமாத்தி எழுதி வாங்கியிருக்கானுங்க. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் சாதாரணமாகக் கோபப்படுகிறவள் இல்லை.

"சார், நெசமாவே சினிமாதானுங்க. நாளன்னிக்குக் கதை சொல்லோணுமுங்க" என்றார் இளம்பரிதி.

"பிடிபட்டவன்ல பாதிப் பேரு சினிமான்னுதான்யா சொல்றான். சரி, கதைன்னா சொல்லு. இங்கேயே சொல்லு."

இளம்பரிதி சொல்ல ஆரம்பித்தார். நிலையத்தில் நின்றுகொண்டு யாராலும் நன்றாகக் கதை சொல்ல முடியாது. அட்சய திருதியையில் தடுமாறி, காவலாளியை மறந்து, ஆபரேஷனில் போய் விழுந்தார்.

"அம்மா ஆபரேஷனா?" இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபத்தேழு வருஷம் சர்வீஸ். ஆபரேஷனுக்காகக் கொள்ளையடிச்சவன் ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்! இது கதையே இல்லய்யா."

"அதைத்தான் நானும் மூணு வாரமா சொல்றேன்" என்றேன்.

"அப்ப எதுக்குத் திருடுறா?"

என்னைத்தான் கேட்டார். டீக் கோப்பை கையில் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, சொல்லத் தொடங்கினேன்.

"இருபத்திரண்டு வருஷமா அந்தக் கடையில சாயங்காலம் எல்லாரோட பையையும் சோதிக்கிறாங்க சார். மேனேஜர் பையைக்கூட. இவ வந்தா மட்டும் வாட்ச்மேன் கையை ஆட்டி, 'நீங்க போங்கம்மா'ங்கிறான். மொதல்ல அவளுக்கு அது பெருமையா இருந்தது. போகப் போகத்தான் புரியுது, அது நம்பிக்கை இல்லை. அவளால எதுவுமே பண்ண முடியாதுன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க."

பெண் கான்ஸ்டபிள் ஒருவர் வாசலோரம் வந்து நின்றார். மேசையில் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை மூடினார்.

கொள்ளையைச் சொன்னேன். கூட்டத்தைச் சொன்னேன். வசு வைர அட்டிகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே போவதைச் சொன்னேன். மறுநாள் எண்பது ஊழியர்களையும் விசாரிக்கிறார்கள்.

"அவளை?" என்றார் பெண் கான்ஸ்டபிள்.

"அவளைத் தவிர எல்லாரையும். அவகிட்ட டீ வாங்கிக் குடிச்சிட்டு, மத்தவங்களைப் பத்திக் கேக்குறாங்க. அவளால தாங்க முடியலை. பையை எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்கே போறா. நான்தான் எடுத்தேன்னு சொல்றா. பை மடியிலதான் இருக்கு. இன்ஸ்பெக்டர் அவளை மேலயும் கீழயும் பார்க்குறார். நாற்காலி போடச் சொல்றார். 'பயப்படாதீங்கம்மா, யாரோ உங்களை ஏமாத்தியிருக்காங்க. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க'ங்கிறார்."

முதலில் சிரித்தது எழுத்தர். பிறகு பெண் கான்ஸ்டபிள், வாயைப் பொத்திக்கொண்டு. கடைசியாக இன்ஸ்பெக்டர் என் மடியைப் பார்த்தார்.

"அந்த டப்பாவுல என்ன மேடம்?"

திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார். "கூழ்வத்தலா? பொரிக்காம வச்சிருக்கீங்களே" என்றார்.

ஆனால் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என் பையைச் சோதித்தார்.

எழுதி வாங்கிக்கொண்டு எங்களை விட்டுவிட்டார். அட்டவணையை மட்டும் திருப்பித் தரவில்லை. நகைக்கடைக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். ஓட்டைகள் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவாம். வெளியே வந்ததும் மெர்லின் தாளை விரித்து, வசுவின் வரிசையில் சொல்லாத காரணத்தை எழுதினாள்: "யாராவது ஒருமுறை என்னைச் சந்தேகப்படட்டும்."

ஆறாவது வரிசையின் கேள்விக்குறியையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் எழுதவில்லை. நல்ல பெண்.

மே 27

அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதிய கூழ் காய்ச்சினாள். நான் செங்கல் வைத்தேன்.

மே 28, புதன்

தயாரிப்பாளர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்படித்தான் கேட்பாராம். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று தெரியாமல் ஒரு மனிதனிடம் இரண்டு மணி நேரம் பேசுவது, நான் இருபத்தைந்து வருடமாக வகுப்பில் செய்யும் வேலை. அதை இளம்பரிதியின் காதில் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

நன்றாகச் சொன்னார். காவலாளியை மறக்கவில்லை. ஸ்டேஷன் காட்சிக்கு வந்ததும் நெடுமாறன் மாதிரியே மீசையைத் தடவினார். "டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று முடித்தபோது தயாரிப்பாளர் கண் திறக்கவில்லை. ஓர் அரை நிமிடம். நான் நாமக்கல் ஸ்டூலை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப அந்தப் பையை அவன் தொறந்தே பார்க்குலியா?" என்றார், கண்ணை மூடியபடியே.

"இல்லீங்கண்ணா."

"எங்க ஆபீஸ்லயும் ஒரு கேஷியரம்மா இருக்குது. பதினெட்டு வருஷமாச்சு." கண்ணைத் திறந்தார். "நாளைக்குப் போனதும் மொதல்ல அந்தம்மாவுக்கு வணக்கம் சொல்லோணும். ஆவணியில பூஜை போட்டுக்கலாம். ஆபரேஷன் கீபரேஷன்னு ஏதாச்சும் சேத்துனே, பாத்துக்க."

இளம்பரிதி இரண்டிரண்டு படியாக இறங்கினார். தெருவுக்கு வந்து மாமனாருக்குத் தொலைபேசினார். "மாமா, அந்த ஸ்டூலை எடுத்து உள்ள வச்சிருங்க" என்றார். பிறகு அழுதார். சங்கிலியும் அழுதான். நான் ஆட்டோ தேடினேன்.

மே 30, வெள்ளி

சாலிகிராமத்தில் விருந்து. புதிய வத்தல் கொண்டு போனேன். சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மெர்லின் அழைத்திருக்கிறாள். அக்கா எடுத்திருக்கிறாள்.

"மேடத்துக்கிட்ட சொல்லிருங்க அக்கா, இந்தத் தடவை வத்தல்ல காரம் தாங்கலை. சங்கிலி ஒரு குடம் தண்ணி குடிச்சான்."

அக்கா இந்த முறை கூழில் பச்சை மிளகாயை மூன்று மடங்கு அரைத்து விட்டிருக்கிறாள். தின்றவன் தானாக வெளியே வருவான் என்று திட்டம். வனஜா வீட்டு வாசலில் காது வைத்துக்கொண்டு இரண்டு நாள் நின்றிருக்கிறாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏட்டி. நீயா?"

"நான்தான்."

"நூலகம்?"

"நூலகம் இல்லை."

"சினிமாக்காரனுக்கா என் வத்தலு?"

முழுதையும் சொன்னேன். காவல் நிலையம் வந்தபோது அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. பால்காரரைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து. நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

தண்டனை: ஒரு டப்பா வத்தலோடு வனஜா வீட்டுக்குப் போய் நானே உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னேன். "நீங்களா மேடம்? சும்மா சொல்லாதீங்க" என்றாள் வனஜா. நம்ப வைக்க இருபது நிமிடம் ஆயிற்று.

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் வசனம். வசுவின் வசனங்களை நான் எழுத வேண்டும் என்கிறார்கள். விடுமுறை பதினான்கு நாள் இருக்கிறது. அதற்கு மேலும் சனி, ஞாயிறு இருக்கின்றன.

அக்கா வாசலில் வழி மறித்தாள். "பையைத் திற" என்றாள். திறந்தேன். நோட்டு, பேனா, தண்ணீர்ப் பாட்டில், கண்ணாடிக் கூடு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கண்ணாடிக் கூட்டைக்கூடக் குலுக்கிப் பார்த்தாள். நான் பொறுமையாக நின்றேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

"சரி, போ" என்றாள்.

என் கையில் மடக்கியிருந்த குடையை அவள் விரித்துப் பார்க்கவில்லை.